எம்சிபி: நம்ம ஐடி வேலைக்குப் பின்னால் இருக்கும் பழைய ஓஎஸ்

ஐடியில இருக்கீங்களா? அப்போ எம்சிபியை ஒருமுறை பார்த்துடுங்க.

அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் 1961-ல் அறிவித்த பி5000 கணினியின் ஓஎஸ் இது. முழுப்பெயர் 'மாஸ்டர் கன்ட்ரோல் புரோகிராம்'. உங்க லேப்டாப்பில் இருக்கும் விர்ச்சுவல் மெமரியை வணிகக் கணினிக்குக் கொண்டுவந்த முன்னோடி.

பின்னர் பரோஸ் பல ரகக் கணினிகளை விற்றது. ஓஎஸ் பெயர் எல்லாத்துலயும் எம்சிபிதான். ஆனா ஒரு ரகத்துக்கு எழுதின புரோகிராம் இன்னொன்றில் அப்படியே ஓடாது. வாங்கினவங்களுக்குத் தலைவலி, நமக்கு வேலை! 1974-ல் ஒரு மருத்துவமனைக் கணக்கு மென்பொருளை 'மீடியம்' ரக கோபோலில் இருந்து 'ஸ்மால்' ரகத்துக்கு மாற்றித் தந்தது டிசிஎஸ். அதுவும் பரோஸ் கணினியில் இல்லை. மும்பையில், பிரிட்டிஷ் தயாரிப்பான ஐசிஎல் 1903-ல். இந்தியாவின் ஆரம்பகால மென்பொருள் ஏற்றுமதிகளில் அதுவும் ஒன்று.

எம்சிபி செத்துப்போச்சா? இல்லை. 1986-ல் பரோஸும் ஸ்பெரியும் இணைந்து உருவான யூனிசிஸ், இன்றும் அதை விற்கிறது.