செல்லாத நோட்டுக்கு வந்த மதிப்பு

வங்கி திவாலானால் அதன் நோட்டு வெறும் காகிதம்தான். ஆனால் அமெரிக்காவில் எப்போதோ மூடப்பட்ட வங்கிகளின் நோட்டுகளை இன்றும் தேடிப் பிடித்து வாங்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அந்தக் காகிதங்களுக்குப் பின்னால் ஒரு கசப்பான வரலாறு உண்டு.

மாநிலங்கள் சொந்தமாகப் பணத்தாள் வெளியிட அமெரிக்க அரசியல் சட்டம் தடை விதித்தது. ஆனால் மாநிலங்களின் அனுமதி பெற்ற தனியார் வங்கிகள் நோட்டு அச்சடித்தன. நோட்டை நீட்டினால் தங்கம் அல்லது வெள்ளிக் காசு தரப்படும் என்பதே அவற்றின் வாக்குறுதி.

அந்த வாக்குறுதி பல இடங்களில் பொய்த்தது. ரோட் ஐலண்டில் 1809-இல் ஒரு வங்கி நொடித்தது. விவசாயிகளின் பெயரைத் தாங்கிய அந்த வங்கி பல லட்சம் டாலருக்கு நோட்டு வெளியிட்டிருந்தது. பெட்டகத்தைத் திறந்தபோது இருந்ததோ 86 டாலர் 48 காசு! மிச்சிகனில் 1837-இல் வங்கி தொடங்குவது எளிதாக்கப்பட்டது. அங்கே சோதனைக்கு வந்த அதிகாரிகள் அடியில் ஆணிகளும் மேலே காசுகளும் நிரப்பிய பெட்டிகளைக் கண்டார்கள். ஒரே காசுப் பெட்டி அதிகாரிகளுக்கு முன்பாகவே அடுத்த வங்கிக்குப் போய்ச் சேர்ந்ததும் உண்டு.

வங்கி தொலைவில் இருந்தால் நோட்டின் மதிப்பு குறையும். எது நல்லது, எது கள்ளநோட்டு என்று அறிய வணிகர்கள் தனி ஏடுகளையே வாங்கி வைத்திருந்தனர். அந்த வசதி இல்லாத கூலித் தொழிலாளியும் விவசாயியுமே பெரும்பாலும் ஏமாந்தார்கள்.

உள்நாட்டுப் போரின்போது, 1863-இல் தேசிய வங்கிச் சட்டம் வந்தது. மாநில வங்கி நோட்டுகள் மீது 10 விழுக்காடு வரி விதிக்கும் சட்டம் 1865-இல் நிறைவேறி, மறு ஆண்டு நடப்புக்கு வந்தது. தனியார் நோட்டுகள் மறைந்தன.

கப்பல், ரயில், பருத்தி பறிக்கும் அடிமைகள், கிறிஸ்துமஸ் தாத்தா என அந்த நோட்டுகளில் செதுக்கப்பட்ட படங்கள் சேகரிப்பாளர்களைக் கவர்கின்றன. கையொப்பமிடாமல் மிஞ்சிய தாள்கள் சில வங்கிகளுடையவை நிறையவே கிடைக்கின்றன.

இதில் ஒரு விநோதம் உண்டு. நாணயமாக நடந்த வங்கிகள் நோட்டைத் திரும்பப் பெற்றுக் காசு கொடுத்தன. பெற்ற நோட்டுகளை அழித்தன. அதனால் அவற்றின் நோட்டுகள் பெரும்பாலும் அரிது. ஏமாற்றிய வங்கிகளின் நோட்டுகளோ மக்கள் கையிலேயே தங்கிவிட்டன. ஒரு குடும்பத்தின் உழைப்பு வீணானதற்கான சாட்சியே இன்று சேகரிப்பாளரின் ஏட்டில் இருக்கிறது. பணத்தாளின் மதிப்பு அச்சிட்ட எண்ணில் இல்லை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது என்பதை அது சொல்லாமல் சொல்கிறது.