தாண்டிய வகுப்பும் தடுத்த வகுப்பும்

கல்விச் சட்டங்களையும் அறிக்கைகளையும் ஆண்டு வரிசையில் தொகுத்துரைப்பது எளிது. அவை ஒரு பிள்ளையின் வாழ்வில் எத்தனை ஆண்டுகளைக் கூட்டின, எத்தனை ஆண்டுகளைக் கழித்தன என்று கணக்கிட்டுப் பார்ப்போர் சிலரே. மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவரைப் பொறுத்தவரை இக்கணக்கு இன்றியமையாதது.

மலாக்கா மாநிலத்தில் ஜொகூர் எல்லையை அடுத்துள்ள சுங்கை ரம்பாய் போன்ற வட்டாரங்களை எண்ணிப் பார்ப்போம். மலாயாவின் பழைய தோட்டப் பள்ளிகள் பல, ஓராசிரியர் பள்ளிகள். ஒரே கூடத்தில் பல வகுப்புகள் அமர்ந்திருக்கும். வசதிக் குறைவால் விளைந்த அந்நிலையிலும் ஒரு நன்மை இருந்தது: தன் கணக்கை விரைந்து முடித்த சிறுவன், மேல்வகுப்புக் கணக்கைக் காதால் கேட்டே கற்க முடிந்தது.

பிற்காலத்தில் இம்முன்னேற்றத்திற்குச் சட்டமே இடமளித்தது. ஆறாண்டுத் தொடக்கக் கல்வியை ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் முடிக்கலாம் என 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வகுத்தது. அதே ஆண்டில் பி.டி.எஸ். எனும் தேர்வு மூன்றாம் ஆண்டு மாணவர்க்கு அறிமுகமாயிற்று. அதில் சிறந்து தேறியோர் நான்காம் ஆண்டைத் தாண்டி ஐந்தாம் ஆண்டிற்குச் செல்லலாம். ஆனால், பெற்றோரும் ஆசிரியரும் பிஞ்சு உள்ளங்களை அளவிறந்து நெருக்குகின்றனர் என்ற கவலை எழுந்தது. 2001இல் தேர்வு கைவிடப்பட்டது.

தமிழ்ப்பள்ளி மாணவர்க்கோ மற்றொரு வாயிலும் கடக்க வேண்டியிருந்தது. யு.பி.எஸ்.ஆர். தேர்வின் மலாய்மொழித் தாள்களில் போதிய தேர்ச்சி பெறாதோர், முதலாம் படிவத்திற்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயில வேண்டியிருந்தது. கணிதத்தில் சிறந்து நான்காம் ஆண்டைத் தாண்டிய பிள்ளை, மலாய்மொழியில் பின்தங்கினால் என்னாகும்? ஈட்டிய ஓராண்டு அங்கேயே கழிந்துவிடும். தாண்டாமலே நேராக முதலாம் படிவம் புகுந்த தோழனும் அவனும் ஒரே ஆண்டில் ஒரே வகுப்பில் அமர்வர். ஒரு கை கொடுத்ததை மறு கை வாங்கிக்கொண்டது எனலாம்.

இதன் உட்பொருளைத் தமிழகத்து அறிஞர் இருவர் வாழ்வு விளக்கும். பதினொரு வயதில் மெட்ரிகுலேசன் தேறிய சி.வி. இராமன், 1904இல் பி.ஏ. பட்டம் பெற்றார். எல்லாப் பாடமும் அவருக்குக் கைவந்தன. அவரினும் ஏறக்குறைய ஓராண்டு மூத்த சீனிவாச இராமானுசன், அவ்வாண்டில்தான் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகையை இழந்தார், எப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வுத்தொகை வழங்கிய பின்னரே வழி திறந்தது.

இராமன் போன்ற பிள்ளைக்கு வகுப்பைத் தாண்டுவது பொருந்தும். இராமானுசன் போன்ற பிள்ளைக்கு வேண்டுவது வேறு: முந்தும் பாடத்தில் மேல்வகுப்பு, பிந்தும் பாடத்தில் துணைநிற்கும் ஆசிரியர். எல்லாப் பாடத்தையும் ஒரே கோலால் அளந்த தேர்வு இவ்வேறுபாட்டைக் காணவில்லை. தேர்வு மறைந்துவிட்டது, காண வேண்டிய கடமையோ ஆசிரியரிடம் இருக்கிறது. கணக்கில் முந்தும் மாணவனுக்கு அடுத்த ஆண்டுப் பாடநூலை இன்றே கையில் கொடுக்கலாம். மலாய்மொழியில் அவன் தடுமாறும் இடத்தை ஆறாம் ஆண்டு வரை காத்திராமல் மூன்றாம் ஆண்டிலேயே செப்பனிடலாம். இவ்விரண்டும் சேர்ந்தாலன்றி ஈட்டிய ஆண்டு நிலைக்காது.