தன் விஷம் தன்னைக் கொல்லுமா? சர்ப்ப விஷ ஆராய்ச்சியில் ஒரு வினாவின் வரலாறு

விஷப் பாம்பு தன்னைத்தானே கடித்துக்கொண்டால், அல்லது தன் இனத்துப் பாம்பொன்றால் கடியுண்டால், அதற்குத் தீங்கு நேருமோ என்னும் வினா மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும், விஷம் என்பது யாது, அது தேகத்தில் எவ்விடத்தைப் பற்றி உயிரைப் போக்குகின்றது என்னும் ஆதாரப் பிரச்சினைகள் யாவும் இவ்வொரு வினாவுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன.

1664-ஆம் ஆண்டில், பிளாரன்ஸ் நகரத்து மெடிசி அரச குடும்பத்தின் வைத்தியராயிருந்த பிரான்செஸ்கோ ரெடி, விரியனின் விஷம் அதன் பித்தத்தில் உள்ளதென்ற பழைய நம்பிக்கையை மறுத்து, பல்லின் வழியே வெளிப்படும் மஞ்சள் நிறத் திரவமே விஷம் என்றும், அதை விழுங்குவதால் கேடில்லை, காயத்தின் வழியே உட்புகுந்தால்தான் அது கொல்லும் என்றும் நிரூபித்தார். தான் கொன்ற இரையோடு தன் விஷத்தையும் விழுங்கும் பாம்பு ஏன் சாவதில்லை என்பதற்கு இது போதிய விடையாகும். இரத்தத்திலேயே கலந்துவிட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் எஞ்சி நின்றது.

அதனை விடாப்பிடியாக ஆராய்ந்தவர் பெலிச்சே பொன்டானா என்னும் மற்றோர் இத்தாலியர். 1767-இல் முதலில் வெளிவந்து, 1781-இல் பிரெஞ்சு மொழியில் மிக விரிவுபெற்ற தம் கிரந்தத்தில், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பரிசோதனைகளைத் தாம் நடத்தியதாக அவர் கூறுகிறார். விரியன்களை விரியன்களாலேயே கடிக்கச் செய்தும் அவை மாளாமையைக் கண்டு, விரியனுக்கு அதன் விஷம் விஷமே அன்று என்று அவர் முடிவுகட்டினார். அவர் உழைப்பின் பெருமையை முழுமனத்தோடு ஒப்புக்கொள்ளும் அதே வேளையில், ஐரோப்பாவின் ஒருவகை விரியனிடத்துக் கண்ட உண்மையைப் பாம்புக் குலம் முழுவதற்கும் உரிய விதியாகப் பின்வந்தோர் கொண்டதை மட்டும் ஏற்பதற்கில்லை.

அவ்விதியை அசைத்தவர் பிலடெல்பியா நகர வைத்தியர் சைலஸ் வெயர் மிட்சல். கிலுகிலுப்பைப் பாம்புகளைப் பற்றி 1860-ஆம் ஆண்டைச் சேர்ந்த தம் ஆராய்ச்சி நூலில், அப்பாம்புகளின் உடம்பில் அவற்றின் விஷத்தையே செலுத்திப் பார்த்தபோது அவற்றுள் சில இறந்துபோயின என்று அவர் எழுதினார். ஏறத்தாழ அதே தலைமுறையில், கல்கத்தாவில் சஸ்திர வைத்தியப் பேராசிரியராயிருந்த ஜோசப் பேய்ரர், நம் நாட்டுப் பாம்புகளைக் கொண்டு நடத்திய பரிசோதனைகளை 1872-இல் வெளியிட்டார். நல்லபாம்பின் கடி விஷமற்ற பாம்புகளைக் கொன்றுவிட, மற்றொரு நல்லபாம்போ அக்கடியைத் தாங்கி நின்றது. ஒருவர் பாம்பு இறந்தது என்கிறார், மற்றவர் பிழைத்தது என்கிறார். இருவரும் கண்ணாரக் கண்டதையே எழுதினர் என்பதில் ஐயமில்லை. இம்முரண்பாட்டை எவரும் பொய்யென்று ஒதுக்கிவிடாமல் பின்னோர்க்கு விட்டுச் சென்றமையே இவ்வரலாற்றில் மிகவும் போற்றத்தக்கது என்பது என் அபிப்பிராயம்.

1886-இல் மிட்சலும் ரைக்கர்ட்டும் சேர்ந்து, விஷம் ஒரே பொருளன்று, பல புரதங்களின் கலவை என்று விளக்கினர். 1894-இல் பாரிஸில் பிசாலிக்ஸ், பெர்த்ராந் ஆகிய இருவரும், அதே காலத்தில் கால்மெத் என்பவரும், விஷத்தைச் சிறிது சிறிதாக ஏற்ற பிராணியின் இரத்தத்தில் விஷமுறிவு தோன்றுவதை ஸ்தாபித்தனர். பாம்பின் இரத்தத்திலேயே அத்தகைய பொருள் இயற்கையாக உண்டோ என்று தேடும் வழி இதனால் திறந்தது. விரியனின் இரத்தத்தைச் சூடேற்றி அதன் நச்சுத்தன்மையை அழித்த பின்னரும், விஷத்தினின்று காக்கும் ஆற்றல் அதில் எஞ்சியிருத்தலைப் பிசாலிக்ஸும் பெர்த்ராந்தும் கண்டனர்.

நல்லபாம்பின் காவலோ முற்றிலும் வேறு வகையினது. அதன் விஷத்திலுள்ள நரம்பு நச்சு, நரம்பின் கட்டளையைத் தசை பெற்றுக்கொள்ளும் இடத்திலுள்ள ஏற்பிப் புரதத்தைப் பற்றி அடைத்துவிடுவதால், மூச்சுக்குரிய தசைகள் செயலற்று மரணம் நேர்கிறது. எகிப்து நாட்டு நல்லபாம்பின் அவ்வேற்பியை ஆராய்ந்து, ஸோல்டான் டாகாச்சும் அவருடைய சகாக்களும் 2001-இல் கண்டது யாதெனில், நச்சு வந்து பற்றவேண்டிய இடத்தில் ஒரு சர்க்கரைச் சங்கிலி ஒட்டியிருந்து அதனை நெருங்கவிடாமல் தடுக்கிறது என்பதே. எலியின் ஏற்பியிலும் அத்தகைய சர்க்கரை ஒட்டும்படி மாற்றியபோது, அதுவும் நச்சை எதிர்த்து நின்றது. கீரியின் ஏற்பியிலும் இதையொத்த காவல் உண்டென்று இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர் 1992-இலேயே காட்டியிருந்தனர். பாம்பும் அதன் ஜன்மப் பகையும் ஒரே உபாயத்தைத் தனித்தனியே அடைந்திருப்பது எத்துணை வியப்புக்குரியது!

விரியன் இனங்களின் விஷத்திலோ தசையையும் இரத்தக் குழாய்களையும் சிதைக்கும் நொதிகளே மிகுதியாதலின், ஓரிடத்தை மட்டும் மறைத்து அவற்றைத் தடுத்தல் இயலாது. விஷச் சுரப்பிக்குள் நொதிகள் அடங்கிக் கிடப்பதற்கு அங்குள்ள அமிலத்தன்மையும், சிட்ரேட் முதலிய தடுப்புப் பொருள்களும் காரணமாகின்றன. சுரப்பியை விட்டு உடம்பினுள் விஷம் புகுந்துவிட்டாலோ, இரத்தத்தில் மிதக்கும் புரதங்களே காவலாம். ஜப்பானின் ஹாபு விரியனிடத்தும் தென்னமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பினிடத்தும் இவ்வகைப் புரதங்கள் பிரித்தெடுக்கப்பட்டுள்ளன. இப்புரதங்கள் நொதிகளோடு பிணைந்து அவற்றை முடக்குவன. ஆதலால் இரத்தத்திலுள்ள புரதத்தின் அளவுக்கு உட்பட்ட விஷத்தையே அவை தாங்கவல்லன. மிட்சலின் பாம்புகளுள் சில மாண்டதற்கும், பொன்டானாவின் விரியன்கள் பிழைத்ததற்கும், இந்த அளவு வேற்றுமையே பெரும்பாலும் காரணமாயிருத்தல் கூடும்.