வறண்ட தொல்லாறுகளில் யுரேனியத் தேடல்: யீலிறி பற்றிய ஒரு நோக்கு

யுரேனியம் எனின் ஆழ்சுரங்கமே நம் நினைவில் எழும். மேற்கு அவுஸ்திரேலியாவின் யீலிறிப் படிவோ நிலமட்டத்திலிருந்து சில மீற்றர் ஆழத்திலேயே கிடக்கின்றது. 1972 இல் வெஸ்ரேண் மைனிங் நிறுவனத்தார் இதனைக் கண்டறிந்தனர். இதன் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

ஈரக் காலநிலை நிலவிய பண்டை யுகங்களில் அங்கு பேராறுகள் ஓடின. நாடு வறண்டபின் அவற்றின் பள்ளத்தாக்குகள் மண்ணால் நிரம்பின. ஆறு மறைந்தது, நிலத்தடி நீரோட்டம் நின்றபாடில்லை. கருங்கற் பாறைகளிலிருந்து கரைந்த யுரேனியம் காபனேற்றுச் சேர்வையாக அந்நீருடன் மெல்லச் செல்கின்றது. நீர்மட்டம் மேற்பரப்பை அணுகுமிடத்து ஆவியாதல் மிகுந்து, கல்கிறீற் எனப்படும் சுண்ணப்படிவு தோன்றுகின்றது. ஆங்கே பொற்றாசியம், வனேடியம் ஆகியவற்றோடு யுரேனியம் இணைந்து, மஞ்சள் நிறமான காணோற்றைற்றாகப் படிகின்றது. 1970களில் நமீபியாவின் லாங்கர் ஹைன்றிச்சிலும் இவ்வகைப் படிவே கண்டறியப்பட்டது.

இத்தகைய படிவைத் தேடுவது எளிதென்று கருதுவோர் உளர். அக்கருத்து எமக்கு உடன்பாடன்று. வானூர்தியிற் பொருத்திய காமாக்கதிர் மானி நிலத்தின் மேலரை மீற்றரளவையே உணரும். அதனினும் தடித்த மணற்போர்வை படிவை மறைத்துவிடும். மேலும், மானி அளப்பது யுரேனியத்தையன்று. அதன் வழித்தோன்றலான பிசுமத்து 214 இன் கதிரையே. தாயும் சேயும் சமநிலை எய்தப் பல இலட்சம் ஆண்டுகள் வேண்டும். இளம்படிவுகளில் யுரேனியம் நீரோடு நகர, றேடியம் பின்தங்கிவிடலாம். ஆகவே மானி கூட்டியும் காட்டும், குறைத்தும் காட்டும். துளையிட்டு மண்ணை இரசாயன முறையிற் பகுப்பாய்ந்தவரே உண்மை கண்டனர்.

கண்டது 1972 இல்; வணிக அகழ்வோ இன்றுவரை நிகழவில்லை. 1980களின் முற்பகுதியில், புதிய சுரங்கங்களை விரும்பாத தொழிற்கட்சி அரசின் கொள்கை அதனைத் தடுத்தது. 2012 இல் கமெக்கோ நிறுவனம் உரிமையை வாங்கிற்று. 2016 இல் மாநிலச் சூழற் பாதுகாப்பு அதிகாரசபை அனுமதிக்கு எதிராகப் பரிந்துரைத்தது. காரணம் விந்தையானது: கல்கிறீற்றின் துவாரங்களில் நிறைந்த நீரில், கண்ணுக்குப் புலப்படுதற்கரிய சிற்றுயிரினங்கள் சில வேறெங்கும் இல்லாதனவாய் வாழ்கின்றன. யுரேனியத்தைச் சேர்த்துவைத்த அதே நீரே அவற்றையும் காத்து வந்தது! எனினும் 2017 இல் மாநில அமைச்சர் அனுமதித்தார். அந்நிலத்தின் ஆதிக்குடிகளான ச்சீவாள் மக்களுள் மூன்று பெண்கள் சூழற் பாதுகாப்பு இயக்கத்தாருடன் நீதிமன்றஞ் சென்றனர்; வழக்குத் தோற்றது. ஆயினும் குறித்த காலத்துள் வேலை தொடங்கப்படாமையால் 2022 ஜனவரியில் மாநில அனுமதி காலாவதியாயிற்று, நீட்டிப்பு வழங்கப்படவில்லை.