கருவி போட்ட பிள்ளைக்குக் கேட்கிறதா?

"மிசின் போட்டு ஆறு மாசம், இன்னும் கதைக்கிறானில்லை தம்பி" என்றார் முல்லைத்தீவில் நான் சந்தித்த தாய். மகனுக்கு வயது இரண்டரை. ஆனால் 'கேட்டல் வயது' கருவி பொருத்திய நாளிலிருந்தே எண்ணப்படும். அவனுக்கு 6 மாதம்தான். ஒலியை உணர்வது, வேறுபாடு அறிவது, இனங்காண்பது, விளங்கிக்கொள்வது என்று படிப்படியாகவே கேட்டல் வளரும்.

வீட்டில் தினமும் பார்க்க, டானியல் லிங் வகுத்த ஆறு ஒலிகள் உண்டு: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை பேச்சொலிகளின் வீச்சை இவை தொடுகின்றன. வாயை மறைத்து, இடைவெளியை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். உதட்டைப் பார்த்துவிட்டால் அது சோதனையே அல்ல. திரும்பினானா, விளையாட்டை நிறுத்தினானா எனக் குறித்து வையுங்கள். நேற்றுக் கேட்ட ஒலி இன்று கேட்காவிட்டால் முதலில் பற்றரியைப் பாருங்கள். பிறகும் கேட்காவிட்டால் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

ஷெல் வீச்சில் கேட்டல் குறைந்த அந்தத் தாய்க்கு 'ஸ்' தனக்கே கேட்பதில்லை. ஒலி சொல்வது மூத்த மகள். மகனின் முகத்தைப் பார்த்துக் கொப்பியில் குறிப்பது அம்மா.