முத்துக்குளித்துறையில் ஞானப்பாடம்

கிறித்தவ நெறியின் அடிப்படைகளைத் தமிழிளைஞருக்குக் கற்பிக்கும் முயற்சி, பாண்டிநாட்டு முத்துக்குளித்துறையில் 1542ஆம் ஆண்டின் இறுதியில் முறையாகத் தொடங்கியது எனலாம். அக்கரையில் வாழ்ந்த பரதவருள் பல்லாயிரவர் சில ஆண்டுகட்கு முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். எனினும் தாம் ஏற்றுக்கொண்ட சமயம் யாதெனச் சொல்லித் தருவார் அவர்கட்கு இல்லை. அக்குறையைப் போக்க வந்தவர் பிரான்சிசு சவேரியார்.

அவருடைய தாய்மொழி பாசுக்கு. கற்போர் மொழியோ தமிழ். இருமொழியறிந்த சிலரின் துணைகொண்டு, விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், செபங்கள் ஆகியவற்றைத் தமிழில் எழுதுவித்து, தாமே மனப்பாடம் செய்தார். பின்னர்க் கையில் மணியேந்தி ஊர்தோறும் நடந்து சிறாரைத் திரட்டினார். அவர் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்லினர். கற்றதை வீட்டிற் சென்று பெற்றோர்க்கும் அயலார்க்கும் உரைத்தனர். நூலும் பள்ளியும் இல்லாத ஊர்களில் இளையோரே ஆசிரியராயினர். அவர்தம் ஆர்வம் சிலபோது எல்லை மீறிற்று என்பதையும் மறைத்தலாகாது. பழைய வழிபாட்டுருவங்களைச் சிறுவர்கள் உடைத்ததைச் சவேரியாரின் மடலே மகிழ்ச்சியோடு கூறுகின்றது. இன்று படிப்போர்க்கு அது மகிழ்ச்சி தருவதன்று.

தமிழாசிரியர் கருதத்தக்க செய்தியொன்று அவருடைய 1544ஆம் ஆண்டு மடலொன்றில் உள்ளது. விசுவாசப் பிரமாணத்தில் 'வேணும்' என்னும் சொல்லை நீக்கி, விசுவசித்தலைக் குறிக்கும் சொல்லை வைக்குமாறு அவர் தம் தோழர் மன்சிலாசுக்கு எழுதுகின்றார். முன்னது விருப்பத்தையே குறிக்கும் என்பது அவர் காட்டும் காரணம். 'நம்புகிறேன்' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'எனக்கு வேண்டும்' என்றே சிறார் அதுவரை ஓதி வந்தனர்! ஓசை பிழையின்றி நெஞ்சில் பதிந்தது, பொருளோ வேறாயிற்று. மனப்பாடத்தை மட்டும் நம்பிய கல்விமுறையின் இடர்ப்பாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

1545இல் மலாக்கா வந்தபோதும் சவேரியார் அம்முறையையே கையாண்டார். செபங்களை மலாய்மொழியில் ஆக்குவித்துச் சிறாருக்குக் கற்பித்தார். அவருக்குத் தமிழை ஆழ்ந்து பயில ஓரிடத்தில் தங்கும் காலம் வாய்க்கவில்லை.

அப்பணி 1547இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அண்டிரிக் அடிகளாருக்கு உரியதாயிற்று. அவர் தமிழைக் கற்றதோடமையாது, அதற்குப் போர்த்துக்கீசிய மொழியில் இலக்கணமும் வரைந்தார். 1554இல் இலிசுபனில் அச்சான தமிழ்ச் செபநூல் உரோமானிய எழுத்தில் இருந்தமையால், அவ்வெழுத்தறியாத தமிழ்ச் சிறாருக்கு அது பயன்பட்டிராது. அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்திலேயே அச்சாயிற்று. பதினாறே பக்கங்கொண்ட அச்சிறுநூலே இந்திய மண்ணில் தமிழெழுத்தில் அச்சான முதல் நூலென அச்சுவரலாறு போற்றுகின்றது.

ஆயினும், கல்விமுறை நோக்கிற் சிறந்தது மறு ஆண்டு கொச்சியில் வெளிவந்த 'கிரீசித்தியானி வணக்கம்' ஆகும். மார்க்கோசு சோர்சு என்பார் சிறுவர்க்கென வினாவிடையாகப் போர்த்துக்கீசியத்தில் எழுதிய நூலின் தமிழாக்கம் அது. அதில் ஆசான் வினவுவான்; மாணாக்கன் விடை கூறுவான். விடையையும் மனப்பாடம் செய்துவிடலாம் என்பது உண்மையே. எனினும், இதன் பொருள் யாது, இது எதற்கு என வினவும் பழக்கம் அதனால் ஞானப்பாடத்துள் நுழைந்தது. தமிழ் உரைநடையில் உரையாடல் வடிவம் அச்சேறியதும் அந்நூலாலேயே.

ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டு கழித்து, 1706இல், தரங்கம்பாடியில் வந்திறங்கினார் சீகன்பால்கு. லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழிற் பெயர்ப்பதற்கு முன், அவர் திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார்.