ஜினகாஞ்சியின் சங்கீத மண்டபம்: மண்ணின் மரபறிந்த கட்டடக்கலை

காஞ்சி மாநகரின் தென்மேற்கே, வேகவதி ஆற்றின் அக்கரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றம், ஜினகாஞ்சி என்னும் சிறப்புப் பெயரால் வழங்கப்பெறுகிறது. சிவாலயங்களாலும் திருமால் கோயில்களாலும் புகழ்பெற்ற காஞ்சியில் அருகநெறிக்கும் தொன்மையான இடம் உண்டு என்பதற்கு இவ்வூரே சான்று. பல்லவ மன்னன் சிம்மவர்மனின் கொடையைக் கூறும் பள்ளன்கோயில் செப்பேடு, பருத்திக்குன்றைச் சார்ந்த நந்தி சங்கத்து வச்சிரநந்தி முனிவருக்கு ஊரொன்று அளிக்கப்பட்ட செய்தியைத் தருகிறது. அக்காலம் முதல் விசயநகரர் காலம் வரை பல அரச மரபுகள் மாறின. எனினும் ஜினகாஞ்சியின் திருப்பணி தொடர்ந்து நடைபெற்றது. அத்திருப்பணியின் வரலாற்றைக் கட்டடங்களே எடுத்துரைக்கின்றன.

இங்குள்ள இரு ஜினாலயங்களுள் அளவிற் சிறியது சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயம். பல்லவர் காலத்தின் பிற்பகுதியைச் சார்ந்த இதில், கீழ்த்தளம் உள்ளீடற்றதாக அன்றி முழுவதும் நிரப்பப்பெற்ற கட்டாக அமைந்துள்ளது. கருவறை அதன்மேல் மேல்தளத்தில் உள்ளது. படியேறிச் சென்றே பகவானைத் தரிசிக்க வேண்டும். மணற்கல்லால் எழுப்பப்பெற்ற இவ்விமானத்தின் சுவர்களில் எழுந்து நிற்கும் சிங்கத் தூண்கள், காஞ்சியின் பல்லவர் கலைமரபை நினைவூட்டுகின்றன.

மற்றொன்று, பெரிய ஆலயமாகிய திரைலோக்கியநாதர் கோயில். கல்வெட்டுகள் இப்பெருமானைத் திரைலோக்கியவல்லபர் எனப் போற்றுகின்றன. வர்த்தமானர் கருவறை, யானையின் பின்புறம் போல வளைந்த வடிவுடையது. தமிழர் இவ்வடிவத்தைத் தூங்கானை மாடம் என அழைத்தனர். புட்பதந்தர், தருமதேவி ஆகியோரின் சன்னிதிகளும், பத்மப்பிரபர், வாசுபூச்சியர், பார்சுவநாதர் சன்னிதிகள் அடங்கிய திரிகூட பஸ்தியும் இங்கு உள்ளன. சோழர் காலக் கல்வெட்டுகள் இக்கோயில் அன்றும் வளம்பெற்றுத் திகழ்ந்ததை உணர்த்துகின்றன.

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாலயத்திற்குப் புதுப்பொலிவு தந்தவர் இருகப்ப தண்டநாதர். விசயநகரப் பேரரசின் படைத்தலைவரும் அமைச்சருமாகிய இவர், வைசய தண்டநாதரின் மைந்தர். அருகநெறியில் ஆழ்ந்த பற்றுடையவர். நானார்த்த ரத்தினமாலை என்னும் வடமொழி நிகண்டின் ஆசிரியர். இரண்டாம் ஹரிஹரரின் மகனாகிய புக்கருக்குப் புண்ணியமாக, 1382ஆம் ஆண்டில் மகேந்திரமங்கலம் என்னும் ஊரை இக்கோயிலுக்கு வழங்கினார். பின்னர்த் தம் குருவாகிய புட்பசேன முனிவரின் ஆணைப்படி 1387-88இல் சங்கீத மண்டபத்தை எழுப்பினார்.

இதற்குச் சற்றே முன்னர், 1385-86இல், இதே இருகப்பர் விசயநகரத் தலைநகராகிய ஹம்பியில் குந்துநாத தீர்த்தங்கரருக்கு ஓர் ஆலயம் அமைத்தார். இன்று கானகித்தி கோயில் என வழங்கும் அதன் முன்னுள்ள உயர்ந்த விளக்குத் தூணில் இச்செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. அக்கோயிலின் கூரை, படிப்படியாகக் குறுகி உயரும் தக்காணத்துப் பிரமிடு வடிவுடையது. காஞ்சியின் மண்டபமோ தமிழகத்திற்கே உரிய தூண் மண்டபம், தட்டையான கற்கூரையுடையது. இரண்டையும் எழுப்பியவர் ஒருவரே; அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலமும் மிகக் குறைவு. அவ்வாறிருந்தும் தலைநகரின் பாணியை அவர் காஞ்சியின்மேல் சுமத்தவில்லை. அந்தந்த மண்ணின் கல்லும், அந்தந்த ஊர்ச் சிற்பிகளின் கைப்பழக்கமும், மக்களின் வழிபாட்டு முறையும் கட்டடத்தின் வடிவை உறுதிசெய்தன. அறம் ஒன்றே ஆயினும் அதன் இல்லம் ஊருக்கேற்ப அமையலாம் என்னும் தெளிவு இத்திருப்பணியில் விளங்குகிறது.

மற்றொரு சிறப்பும் கருதத்தக்கது. பேரரசின் பெருஞ்செல்வமும் அதிகாரமும் இருகப்பர் கையில் இருந்தன. பழைய சன்னிதிகளை இடித்துவிட்டுத் தம் பெயர் விளங்கப் புதிதாக எழுப்புதல் அவருக்கு அரிதன்று. அவர் அவ்வாறு செய்யாமல், முன்னிருந்த மண்டபங்களுக்கு முன்னே தம் மண்டபத்தைச் சேர்த்தார். முன்னோர் செய்த பணியும் நிலைத்தது. சிராவகர்கள் கூடியிருந்து அறவுரை கேட்கவும் இசையால் இறைவனைப் போற்றவும் விரிந்த இடமும் கிடைத்தது.

இம்மண்டபத்தின் விதானம் முழுவதும் சுதை பூசி ஓவியங்கள் தீட்டப்பெற்றன. தொடக்கத்தில் வரையப்பெற்றவற்றுடன் பதினேழாம் நூற்றாண்டைச் சார்ந்தனவும் இங்குக் காணப்படுகின்றன. ரிஷபதேவர், வர்த்தமானர் ஆகியோரின் வரலாறுகளும், நேமிநாதரின் உறவினராகிய கண்ணனின் கதையும் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. காட்சிகளுக்கு உரிய விளக்கங்களும் எழுதப்பட்டுள்ளன. ஏடு படிக்க இயலாதவரும் தலை நிமிர்ந்து புராணம் கற்கும்படி கூரையே நூலாக அமைந்தது. இவ்வோவியங்களையும் ஆலயத்தின் கல்வெட்டுகளையும் விரிவாக ஆராய்ந்து டி. என். இராமச்சந்திரன் எழுதிய நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1934இல் வெளியிட்டது.

கூரையே நூலாகிய இடத்தில் கூரையின் ஒழுக்கு நூலின் அழிவாகும். கற்பலகைகளின் இணைப்பில் மழைநீர் கசிந்தால் சுதை உப்புப் பூத்து உதிரும். சுதையோடு வண்ணமும் உதிரும். உதிர்ந்ததன்மேல் புதுவண்ணம் தீட்டுவதால் பழைய ஓவியனின் கோடு மீண்டு வருவதில்லை. ஓவியங்களுக்கு மட்டுமன்றிக் கல்லுக்கும் இது பொருந்தும். பழங்கோயில்களில் மணல் வீச்சால் கல்லைத் தூய்மை செய்யும்போது எழுத்துகள் மழுங்குகின்றன. சுண்ணாம்புப் பூச்சின்கீழ்க் கல்வெட்டுகள் மறைகின்றன. பழைய தளவரிசைகளைப் பெயர்த்து மெருகேற்றிய புதுக்கற்களைப் பதிக்கும்போது, எழுத்துள்ள கற்களும் இடம் மாறிவிடுகின்றன. இவை யாவும் பக்தியின் பெயரால் நிகழ்வதே வருத்தத்திற்குரியது.

எனவே திருப்பணி என்பது புதிதாகச் சேர்ப்பது மட்டுமன்று. ஆண்டுதோறும் மழைக்கு முன் மேல்தளத்தைச் செப்பனிடுதல், கல்வெட்டுகளைப் படியெடுத்தல், ஓவியங்களைத் துறையறிந்த வல்லுநர் வழியன்றித் தொடாதிருத்தல் ஆகியனவும் திருப்பணியே. இவற்றில் எவருடைய பெயரும் கல்லில் பொறிக்கப்படுவதில்லை. ஆயினும் பெயர் பொறித்த கல் நிலைப்பது இவற்றாலேயாம். இருப்பதைக் காத்து அதன் முன்னே தம் பணியைச் சேர்த்த இருகப்பரின் வழி, ஒவ்வோர் ஊர் ஜினாலயத்திற்கும் ஏற்ற வழியாகும். அவ்வழியைப் போற்றுவது தமிழ்ச் சமணக் குடும்பங்களின் நீங்காக் கடமையாகும்.